பிறமொழியில் எழுதுகோல் பிடித்தோர்

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் ஒரு நாள். பஸரா நகரில் ஹம்மாது இப்னு ஸலமா (ரஹ்) அவர்களின் பாட அவை கூடியிருக்கிறது. நபிமொழி கற்க வந்த மாணவர்களுள், பாரசீக நாட்டின் ஷீராஸுக்கு அண்மையிலுள்ள பைளா என்னும் ஊரைச் சார்ந்த இளைஞர் ஒருவரும் அமர்ந்திருக்கிறார். நபிமொழி ஒன்றை வாசிக்கையில், ‘அபா’ என்று வர வேண்டிய சொல்லை அவர் ‘அபூ’ என்று வாசித்துவிடுகிறார். ஓர் உயிரொலியின் வேறுபாடுதான். ஆயினும் ஆசிரியர் அவையோர் முன்னிலையிலேயே பிழையைச் சுட்டிக் காட்டிவிட்டார். நாணித் தலைகுனிந்த அவ்விளைஞர், இனி எவரும் தம் மொழியில் குற்றம் காண இயலாத அளவுக்குத் தேர்ச்சி பெறுவதென உறுதி பூண்டு, பேராசான் கலீல் இப்னு அஹ்மது அவர்களிடம் சென்று மாணவராய் அமர்ந்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அவ்விளைஞரே ஸீபவைஹி. அவர் இயற்றிய அரபு இலக்கணத்துக்குத் தனிப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை. ‘அல் கிதாப்’, அதாவது ‘நூல்’ என்று மட்டும் சொன்னாலே அறிஞர் உலகம் அதனை அறிந்துகொண்டது. அரபு மொழியின் முதற்பெரும் இலக்கணத்தைத் தந்தவர் அரபி அல்லர். அரபியில் பிழை செய்து அவையில் நாணி நின்ற ஓர் அஜமி.

இந்நிகழ்ச்சியை நாம் ஈண்டு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழிலேயே பயின்று, கல்லூரி வாயிலில் கால் வைத்ததும் ஆங்கிலத்தில் கட்டுரையும் ஆய்வேடும் எழுதுமாறு பணிக்கப்படும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர். திருத்தி வந்த தாளில் சிவப்பு மையைக் கண்டதும், ‘எனக்கு அறிவு போதாது’ என்று முடிவு கட்டி, மேற்படிப்பையே கைவிடுகின்றவர்கள் அவர்களுள் உண்டு. இது அறிவுக் குறையா? அன்றி வேறொரு குறையா? இவ்வினாவுக்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது என்பது நம் கருத்து.

அஜமிகளின் அரபு

பிறமொழியை எழுதக் கற்பது நம் மார்க்க வரலாற்றின் தொடக்கத்திலேயே இடம்பெற்ற செயல். மதீனாவின் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்த நம்பகமான ஒருவர் தேவைப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஏவினார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் அவர் அதனைக் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதியில் பதிவாகியுள்ள நபிமொழி தெரிவிக்கிறது. பிற்காலத்தில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

இஸ்லாம் அரபுத் தீபகற்பத்தைக் கடந்து பரவியபின் நிலைமை தலைகீழாக மாறியது. அரபுமொழி பிறரைக் கற்க வைத்தது. புகாரி, திர்மிதி என்பன ஊர்களால் அமைந்த பெயர்கள். புகாராவும் திர்மிதும் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளன. நம் மத்ரஸாக்களில் நஹ்வு தொடங்கும் மாணவன் கையில் முதலில் எடுக்கும் ‘ஆஜுர்ரூமிய்யா’வை எழுதியவர், ஹிஜ்ரி 723இல் (கி.பி. 1323) மறைந்த, மொராக்கோவின் ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம். அவர் பெர்பர் இனத்தவர். நூற்றாண்டுகளாக உலகெங்கும் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் புகட்டி வரும் பாலபாடம் ஒரு பெர்பரின் கைவண்ணம் என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

பேரறிஞர் அல் பிரூனியின் (973 - ஏறத்தாழ 1050) தாய்மொழி குவாரிஸ்மி. அம்மொழியில் அறிவியலை எழுதப் புகுவது, கூரையின் நீர்த்தாரை மீது ஒட்டகம் ஏறி நிற்பதைப் போல விந்தையாக இருக்கும் என்று மருந்தியல் பற்றிய தம் நூலின் முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். அரபு, பாரசீகம் ஆகிய இரண்டிலும் தாம் முயன்று நுழைந்தவரே என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். இந்தியாவைப் பற்றிய ஒப்பற்ற ஆய்வு நூல் அத்தகைய ஒருவரின் எழுதுகோலிலிருந்துதான் பிறந்தது. அந்நூலுக்காக அவர் சமஸ்கிருதத்தையும் கற்றார்.

எனினும் இவ்வரலாற்றில் வெற்றிகள் மட்டுமே இல்லை. புகழின் உச்சியில் பக்தாதுக்குச் சென்ற ஸீபவைஹி, அமைச்சர் யஹ்யா பர்மகியின் அவையில், கிஸாயி என்னும் இலக்கண அறிஞரோடு வாதிட நேர்ந்தது. தேளும் குளவியும் வரும் ஒரு வாக்கியத்தில் சுட்டுப்பெயர் எந்த வேற்றுமையில் அமைய வேண்டும் என்பதே வழக்கு. வாயிலில் நின்ற பாலைவன அரபிகளைச் சான்றுக்கு அழைத்தனர். அவர்கள் கிஸாயியின் பக்கம் பேசினர். அச்சான்றாளர்கள் வசப்படுத்தப்பட்டவர்கள் என்றும் சில நூல்கள் கூறும். மனமுடைந்த ஸீபவைஹி பாரசீகத்துக்குத் திரும்பி, முதுமை காணாமலேயே மறைந்தார். பின்வந்த இலக்கண அறிஞருள் பலர் அவர் பக்கமே நியாயம் கண்டனர். ஆனால் அத்தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. ஒரு மொழியை முயன்று கற்றவன் எத்துணை உயர்ந்தாலும், ‘பிறப்பால் பேசுவோர்’ ஒரு சொல்லில் அவனை வீழ்த்திவிடக் கூடும் என்ற அச்சம் இன்று தோன்றியதன்று.

மலகா

இப்பிரச்சினையை முதன்முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இப்னு கல்தூன் (1332 - 1406). 1377இல் எழுதி முடித்த தம் ‘முகத்திமா’வில் அவர் இரண்டு கருத்துகளை அடுத்தடுத்து வைக்கிறார். இஸ்லாமிய உலகின் அறிஞருள் பெரும்பாலோர் அஜமிகள் என்பது ஒன்று. அரபைத் தாய்மொழியாகக் கொள்ளாதவன் அம்மொழியில் கல்வி பெறுவது அரபியை நோக்கக் கடினமானது என்பது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் முரண் போலத் தோன்றும் இவ்விரண்டையும் அவரே இணைத்துக் காட்டுகிறார். ஸீபவைஹி போன்றோர் குலத்தால் அஜமிகளாயினும், அரபு பேசுவோரிடையே வளர்ந்து பழகியவர்கள். அவர்களுக்கு அம்மொழி சூழலால் வாய்த்தது. அச்சூழல் வாய்க்காதவனுக்கோ சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு திரை தொங்குகிறது.

இத்திரையை விலக்குவது எது? ‘மலகா’ என்கிறார் இப்னு கல்தூன். பயிற்சியால் உள்ளத்தில் ஊறி நிலைபெற்றுவிட்ட ஆற்றல் என்று இச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். இலக்கண விதிகளை அறிவது வேறு, மொழியின் மலகா வேறு என்று அவர் திட்டவட்டமாகப் பிரிக்கிறார். தையற்கலையின் முறைகளை வாயால் விரித்துரைக்க வல்லவன் ஊசியைக் கையில் கொடுத்தால் தைக்கத் தெரியாமல் நிற்பதைப் போன்றதே விதி மட்டும் அறிந்தவனின் நிலை என்பது அவர் தரும் உவமை.

இன்னொரு செய்தியையும் அவர் வருத்தத்தோடு பதிவு செய்கிறார். அவர் காலத்து மொராக்கோவில் மாணவர்கள் மத்ரஸாவில் தங்கிப் பயிலும் காலம் பதினாறு ஆண்டுகள்; தூனிஸில் ஐந்தே ஆண்டுகள். பதினாறு ஆண்டுகள் கழித்தும் மொராக்கோ மாணவருள் பலர் வாய் திறந்து வாதிட இயலாதவர்களாய் இருந்தனர். காரணம், அவர்கள் மனப்பாடம் செய்தார்களேயன்றி விவாதிக்கவில்லை. அறிவுத் துறைகளில் ஆற்றல் பெற மிக எளிய வழி, கற்றதைப் பேசியும் எதிர்வாதம் செய்தும் நாவைப் பழக்குவதே என்கிறார் அவர்.

நம் கடற்கரையில்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு பேசும் அண்டை வீட்டார் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் அக்கரைகளில் அரபில் எழுத வல்லோர் தலைமுறை தலைமுறையாகத் தோன்றினர். ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632 - 1703) ‘வித்ரிய்யா’ என்னும் அரபுப் புகழ்ப்பாக்களுக்குத் தக்மீஸ் இயற்றினார்கள். அயலார் பாடிய ஒவ்வோர் ஈரடிக்கும் தம் அடிகள் மூன்றை முன்வைத்து, ஓசையும் எதுகையும் சிதையாமல் ஐந்தடியாக்கும் அருங்கலை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816 - 1898) அரபிலும் அரபுத்தமிழிலும் எழுதினார்கள். நம் அண்டையிலுள்ள மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ‘ஃபத்ஹுல் முயீன்’, ஷாஃபிஈ சட்ட நூலாக இந்தோனேசியா வரை ஓதப்படுகிறது. மலையாளம் பேசிய ஒருவர் எழுதிய அரபு ஆய்வு நூல் அது.

அரபுச் சூழல் இல்லாத இக்கரைகளில் இது எவ்வாறு கைகூடிற்று? படிக்கட்டு இருந்தது என்பதே விடை. ஸர்ஃபில் ஒரு வினைச்சொல்லின் வடிவங்களை ஒப்பித்துத் தொடங்குவான் மாணவன். பின்னர் ஆஜுர்ரூமிய்யா, அதன்பின் இப்னு மாலிக்கின் ஆயிரம் அடிகள் கொண்ட அல்ஃபிய்யா. உஸ்தாதின் எதிரில் அமர்ந்து மூலத்தை உரக்க வாசிப்பான். பிழை வந்த இடத்திலேயே அவர் நிறுத்தித் திருத்துவார். நூலைத் தன் கையால் படியெடுப்பான். ஓரத்தில் ஹாஷியா என்னும் குறிப்பு எழுதுவான். குறிப்பு எழுதிப் பழகிய கைதான் பின்னாளில் ஷரஹ் எழுதிற்று. ஷரஹ் எழுதிய கை தனிநூல் எழுதிற்று. எழுத்து என்பது ஒரே நாளில் வெற்றுத்தாளை முன்னால் வைத்து ‘எழுது’ என்று ஏவப்பட்ட கட்டளையாக அங்கு இருந்ததில்லை.

அத்தோடு, அரபு கற்றவர்கள் தமிழைக் கைவிட்டாரும் இல்லை. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு வேண்டிய செய்திகளை ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடமிருந்து பெற்றார் என்பது வழிவழி வந்த செய்தி. தாய்மொழியில் வலுவாக நின்றவர்களே பிறமொழியிலும் வலுவாக நின்றார்கள்.

தேர்வுக்காக வந்த மொழி

ஆங்கிலம் வந்த கதை வேறு. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் அதனையொட்டிய அரசாணையும் ஆங்கிலக் கல்விக்கு அரசின் பொருளைத் திருப்பிவிட்டன. 1837இல் பாரசீகம் அலுவல்மொழி என்னும் நிலையை இழந்தது. 1844இல் ஆங்கிலம் கற்றோர்க்கே அரசுப் பணியில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் அறிவித்தார். அரபிலும் பாரசீகத்திலும் தேர்ந்த ஒருவர் சில ஆண்டுகளுக்குள் ‘கல்லாதவர்’ வரிசையில் தள்ளப்பட்டார். நம்மவர் ஆங்கிலக் கல்விக்குப் பிந்தி வந்ததற்கு மார்க்கம் பற்றிய அச்சத்தை மட்டுமே காரணமாகக் கூறுவோர், இவ்விழப்பின் வேதனையை மறந்துவிடுகின்றனர்.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்ட அவை தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளே. பாடம் நடத்துவது அவற்றின் பணியாக இருக்கவில்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே கற்பிக்கும் பொறுப்பும் அவற்றிற்கு வாய்த்தது. ஆங்கிலக் கட்டுரை நம் நாட்டில் தேர்வுத் தாளின் ஒரு வினாவாகவே பிறந்தது என்பதை இதனால் உணரலாம். தேர்வுக்குரிய எழுத்துக்கு உஸ்தாதின் எதிரில் அமர்ந்து வாசித்துக் காட்டும் படிக்கட்டு இல்லை. அதன் இடத்தை ‘நோட்ஸ்’ பிடித்துக்கொண்டது. ஆசிரியர் குறிப்புகளைச் சொல்ல, மாணவர் எழுதி, நெட்டுருச் செய்து, தேர்வில் இறக்கிவைக்கும் வழக்கம் வேரூன்றிற்று. தேர்வே கல்வியை ஆளும் இந்நிலையை 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம் கண்டித்தது. கண்டனம் ஏட்டில் நின்றது. நோட்ஸ் கடைகளில் நின்றது.

நம் சமுதாயம் சோம்பியிருக்கவில்லை. இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை (1838 - 1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி ஆங்கிலக் கல்வியின் தேவையை இடையறாது வலியுறுத்தினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் அங்கு வந்த உராபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி உருவெடுத்தது. தமிழகத்தில் 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் எழுந்தன. 1955இல் நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கெனவே ஒரு கல்லூரி தோன்றியது. கதவுகள் திறந்தன. உள்ளே நுழைந்த பிள்ளைக்கு எழுதக் கற்பிக்கும் படிக்கட்டைத்தான் எந்தப் பல்கலைக்கழகமும் கட்டித் தரவில்லை.

இடர் எங்கே?

தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கெங்கே இடறுகிறான் என்பதைக் கூர்ந்து நோக்கினால், அவை மடமையின் விளைவுகள் அல்ல என்பது விளங்கும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ‘எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டுச் சென்றான்’ என எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் வினை எழுவாயை அடுத்தே வந்துவிடும். தமிழ் அடுக்கை அப்படியே பெயர்த்தால் ‘அண்டு, அண்டு’ என நீளும் வாக்கியமே கிடைக்கும். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல் முன்னால் நிற்கும். ‘தி’ என்னும் சிறு சொல்லுக்குத் தமிழில் நேர் நிகர் இல்லை. எங்கு இட வேண்டும், எங்கு விட வேண்டும் என்பதை விதியால் மட்டும் கற்க இயலாது. ஆயிரம் பக்கம் வாசித்த கண்தான் அதனை அறியும். இதுவே இப்னு கல்தூன் கூறிய மலகா.

இவற்றினும் பெரிய இடர் கட்டுரையின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் கப்லான் என்னும் மொழியியலறிஞர், வெளிநாட்டு மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 600 கட்டுரைகளை ஆராய்ந்து 1966இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். ஆங்கிலேயன் நேர்கோட்டில் சிந்திக்கிறான்; அரபு முதலிய செமித்திய மொழியினர் இணை இணையாகத் தொடர்களை அடுக்குகின்றனர்; கீழ்த்திசையினர் சுற்றிச் சுற்றி வருகின்றனர் என்று படமே வரைந்து காட்டினார். மாணவனின் இடர் இலக்கணத்தில் மட்டும் இல்லை, அவன் கற்ற கட்டுரை மரபிலும் இருக்கிறது என்று உணர்த்தியது அவ்வாய்வின் நன்மை. ஒரு சமுதாயத்தின் சிந்தனையையே ஒரு கோட்டில் அடக்கியது அதன் குறை. பிற்காலத்தில் தம் கூற்று மிகையாகிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார்.

நம் மரபையே எடுத்துக்கொள்வோம். மத்ரஸா கிதாபு ஒன்றைத் திறந்தால் ஹம்தும் ஸலவாத்தும் முதலில் வரும். அடுத்து ‘அம்மா பஃது’ என்று தொடங்கி ஆசிரியர் என்ன சொல்கிறார்? இப்பொருள் பற்றி முன்னோர் எழுதியவை இவை. அவற்றில் விடுபட்டது இது. ஆகவே இந்நூலை எழுதத் துணிந்தேன். இதில் இத்தனை பாபுகள் உள்ளன என்கிறார். இன்றைய பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டின் முன்னுரையில் எதிர்பார்ப்பது இதனையேயன்றி வேறென்ன? ‘இவ்வாறு எவரேனும் வினவினால் நாம் இவ்வாறு விடையிறுப்போம்’ என மறுப்பைத் தாமே எழுப்பித் தாமே தீர்க்கும் முறை நம் ஃபிக்ஹு, கலாம் நூல்கள் எங்கும் விரவிக் கிடக்கிறது. எதிர்க்கருத்தை எதிர்கொள்ளாத ஆய்வுரை ஆய்வுரையே அன்று என்று இன்றைய பேராசிரியர் கூறுவதும் இதுவே. கருவிகள் நம் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவை இங்கும் பயன்படும் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு இவ்வெழுத்து தானாக வந்துவிடுகிறது என்று எண்ணுவதும் பிழை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் செய்தபோது, அந்நாட்டின் சிறந்த பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் தவறினர். அதன் பின்னரே கட்டுரை எழுதுவதைக் கல்லூரியில் தனிப்பாடமாகக் கற்பிக்கும் வழக்கம் அங்கு வலுப்பெற்றது. ஆய்வுமொழி எவருக்கும் தாய்மொழி அன்று. சிலருக்கு அது அரை நாள் நடைத் தொலைவில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மூன்று நாள் நடைத் தொலைவில் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இஸ்னாதும் அடிக்குறிப்பும்

நாம் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் நடந்த ஒன்றைக் கூறுவது பொருத்தமாகும். மத்ரஸாவில் ஓதிவிட்டு வந்த மாணவர் ஒருவர் வரலாற்றுக் கட்டுரை ஒன்றை ஒப்படைத்தார். அழகிய ஆங்கிலம். இரண்டு பக்கங்கள் ஒரு நூலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. எடுத்த இடம் குறிக்கப்படவில்லை. திருட்டு என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். மறுநாள் கலங்கிய கண்களோடு வந்து நின்றார். ‘அந்தப் பெரிய மனிதர் சொன்னதை நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாதா, ஐயா?’ என்று கேட்டார்.

அவர் திருடவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். ‘தம்பி, நீர் ஹதீஸை இஸ்னாது இல்லாமல் அறிவிப்பீரா?’ என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் நின்றவர் முகத்தில் தெளிவு பிறந்தது. யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார் என்ற சங்கிலி இன்றி ஒரு சொல்லையும் ஏற்காத மரபில் வந்தவருக்கு அடிக்குறிப்பு என்பது அயல்நாட்டுச் சடங்காகவே கற்பிக்கப்பட்டிருந்தது. அது இஸ்னாதின் மற்றொரு வடிவம் என்று எவரும் சொன்னதில்லை. அதுவரை நாமும் சொன்னதில்லை. குற்றம் அவருடையதா, நம்முடையதா?

‘ஜலாலைன்’ தஃப்ஸீரை எழுதிய இருவருள் ஒருவரான இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் (1445 - 1505), நூலாசிரியனையும் திருடனையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கென்றே ‘அல் ஃபாரிக் பைனல் முஸன்னிஃபி வஸ் ஸாரிக்’ என்னும் சிறுநூலை இயற்றினார்கள். பிறர் கருத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்தான் கல்வியின் பரக்கத் இருக்கிறது என்பது நம் முன்னோர் கொள்கை. இதனை எடுத்துக் கூறினால், பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கைச் சுற்றறிக்கைகள் பத்துச் செய்யாததை இவ்வொன்று செய்யும்.

தாளும் விளக்கும்

எழுத்தின் இடர்கள் எல்லாம் எழுதுவோனின் உள்ளத்தில் மட்டும் இருப்பவை அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1994 வரை ஆங்கிலம் கற்பித்த தமிழறிஞர் சுரேஷ் கனகராஜா, 2002இல் வெளியிட்ட தம் நூலில் அங்குள்ள ஆய்வாளர்களின் நிலையை விவரிக்கிறார். போரினால் மின்சாரம் இல்லை, தாளுக்குத் தட்டுப்பாடு, அஞ்சல் தடைப்பட்டது, புதிய ஆய்விதழ்கள் எட்டவில்லை. மேலைநாட்டு இதழ்களோ பல படிகள் அனுப்புக, அண்மைக்கால ஆய்வுகளை மேற்கோள் காட்டுக என்று விதித்தன. விளக்கொளியில் எழுதியவனின் கட்டுரை ‘தரம் போதாது’ என்று திரும்பும்போது, தரம் என்பதில் எவ்வளவு அறிவைச் சார்ந்தது, எவ்வளவு வசதியைச் சார்ந்தது என்ற வினாவை அவர் எழுப்புகிறார்.

அதே யாழ்ப்பாணத்திலிருந்து 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தின் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் தம் பாடநூல்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுள் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலக் கட்டுரை எழுதுவாராயின், அத்தாளின் பிழைகளை எண்ணும்போது அவர் கடந்து வந்த தொலைவையும் எண்ணுவது நீதியாகும்.

செய்ய வேண்டுவன

படிக்கட்டை மீண்டும் கட்டுவதே நம் முன்னுள்ள பணி. அது பெருஞ்செலவு பிடிக்கும் பணி அன்று.

முதலாவது, தாய்மொழியில் பிள்ளைகளை எழுதச் செய்தல். ஒரு கருத்தைத் தமிழில் ஒழுங்காக நிறுவத் தெரியாதவனுக்கு ஆங்கிலத்திலும் அது வாராது. நாள்தோறும் அரைப் பக்கம் போதும். ஆனால் அது நெட்டுருவாக இருத்தல் கூடாது.

இரண்டாவது, வாசித்துக் காட்டுதல். எழுதியதை ஆசிரியர் முன்போ, மூத்த மாணவர் முன்போ உரக்க வாசிக்கும் பழைய முறையை மீட்க வேண்டும். கண் கடந்துவிடும் பிழையை நா காட்டிக் கொடுக்கும். நம் பள்ளிவாசல்களையொட்டி மாலை வகுப்புகள் நடத்தும் ஜமாஅத்துகள், வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். கல்லூரி முடித்த நம் பெண்மக்கள் பலர் இல்லங்களில் இருக்கின்றனர். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் நமக்கு வேறு எவர்?

மூன்றாவது, திருத்தி எழுதுதல். முதற்படியை முடிந்த படியாகக் கருதும் வழக்கம் தேர்வு மண்டபத்தின் வழக்கம். ஷரஹின் மேல் ஹாஷியா எழுதிய மரபினர் நாம். ஒரு கட்டுரையை மூன்று முறை எழுதுவது நமக்குப் புதிதன்று. ஏவினால் நொடியில் கட்டுரை எழுதித் தரும் கணினிகளும் இன்று வந்துவிட்டன. அவை தாளை நிரப்பும், மலகாவைத் தாரா. பிறர் ஓதினால் நமக்கு ஹிஃப்ளு வருவதில்லை அன்றோ?

நான்காவது, பெற்றோர்க்குரியது. சிவப்பு மையோடு வரும் தாளைக் கண்டு பிள்ளையை அறிவிலி என்று இகழாதிருப்பீர்களாக. ஒரு மொழியில் பிழையே செய்யாதவன் அம்மொழியில் எழுத முயலாதவன்.

பஸரா நகரின் பாட அவைக்கு மீண்டும் ஒரு முறை சென்று வருவோம். ஹம்மாது (ரஹ்) அவர்கள் பிழையைச் சுட்டினார்களேயன்றி மாணவரை அவையிலிருந்து வெளியேற்றவில்லை. நாணமுற்ற மாணவரும் ஊர் திரும்பிவிடவில்லை. அவ்வூரிலேயே கலீல் என்னும் ஓர் ஆசான் இருந்தார். வந்தவரை அருகில் அமர்த்திக்கொண்டார். நம் ஊர்களில் தலைகுனிந்து தாளை மடித்து வைக்கும் பிள்ளைகள் இன்று ஏராளம். அவர்கள் சென்று அமர ஒரு கலீல் வேண்டும். ஊருக்கு ஒருவரையேனும் தந்தருளுமாறு வல்ல நாயனை இறைஞ்சுவோம். நம்மால் இயன்றால் அந்த ஒருவராக நாமே ஆவோம். ஆமீன்.